மாட்டுக்கு 1954, பன்றிக்கு எப்போது?

தோழர்களே, 'பன்றிக் காய்ச்சல்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 2009-இல் உலகமெங்கும் மனிதர்களிடையே பரவிய எச்1என்1 சளிக்காய்ச்சல்தான். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய அந்த நோயின் பழி பன்றியின் மேல் விழுந்தது. எகிப்தில் ஒருவருக்குக்கூட அது வராத நிலையிலேயே, நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல அரசு உத்தரவிட்டது. அவற்றை வளர்த்தவர்கள் கெய்ரோவில் குப்பை அள்ளிப் பிழைக்கும் சப்பாலீன் மக்கள். பெரும்பாலும் காப்டிக் கிறித்தவச் சிறுபான்மையினர். உணவுக்கழிவைத் தின்னப் பன்றிகள் இல்லாமல் போனதும் கெய்ரோ தெருக்களில் குப்பை குவிந்து நாறியது.

பன்றிகளையே தாக்கிக் கொல்லும் பன்றிக் காய்ச்சல் வேறொன்று. 'கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்' என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் இந்த வைரஸ் நோய் மனிதருக்கு வராது. கடும் காய்ச்சல், தீனி எடுக்காமை, கண்ணில் பீளை, காதிலும் வயிற்றிலும் சிவந்த அல்லது கருநீலத் திட்டுகள், தள்ளாடும் பின்னங்கால்கள். சினைப்பன்றிக்குத் தொற்றினால் கரு கலையும். சில குட்டிகள் நோயோடு பிறந்து, பார்வைக்கு நன்றாக இருந்தபடியே மாதக்கணக்கில் வைரஸைப் பரப்பும். வந்தபின் சிகிச்சை இல்லை. வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. அந்தத் தடுப்பூசியின் கதையைத்தான் நாம் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1830களில் ஒகையோ மாநிலத்தில் இந்நோய் பதிவானது. 'பன்றிக் காலரா' என்றார்கள். 1885-இல் ஒரு பாக்டீரியாவே காரணம் என்று அரசு விஞ்ஞானிகள் அறிவித்தனர். அது தவறு, பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியையும் தாண்டிச் செல்லும் நுண்கிருமியே காரணம் என்று 1903-இல் டி ஷ்வைனிட்ஸும் டார்செட்டும் காட்டினர். 1962-இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1978-இல் நோய் இல்லாத நாடு என்று அமெரிக்கா அறிவித்துக்கொண்டது. 16 ஆண்டுகளில் முடிந்த வேலை.

இந்தியாவில் இந்நோய் 1944-இல் அலிகாரில் முதலில் பதிவானது. இன்றுவரை ஒழியவில்லை. நம் அரசுக்கு நோய் ஒழிக்கத் தெரியாதா? தெரியும். மாடுகளைக் கொன்ற வெக்கை நோய்க்கு எதிராக 1954-இல் தேசியத் திட்டம் தொடங்கி, ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டு, 1995-க்குப் பிறகு அந்த நோயே இல்லாமல் செய்தார்கள். மகத்தான சாதனை, மறுக்கவில்லை.

பன்றிக்கு என்ன கிடைத்தது? முயலின் உடலில் வளர்த்தெடுத்த தடுப்பூசி. ஒரு முயலைக் கொன்றால் சுமார் 50 டோஸ் தேறும். 2020-இல் ஒன்றிய அரசே சொன்ன கணக்கு இது: ஆண்டுக்குத் தேவை 2 கோடியே 20 லட்சம் டோஸ், உற்பத்தி 12 லட்சம் டோஸ். அதாவது நூறு டோஸ் தேவைப்படும் இடத்தில் ஆறுகூட இல்லை. விலையும் அப்போது ஒரு டோஸ் 15 முதல் 25 ரூபாயாக இருந்தது. இஸ்ஸத்நகரிலுள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் செல் வளர்ப்பு முறையில் உருவாக்கிய, சுமார் 2 ரூபாய் விலையுள்ள புதிய தடுப்பூசி வெளியானது அந்த 2020-இல்தான். இதற்கிடையே 2012-இல் 1 கோடியே 3 லட்சமாக இருந்த பன்றிகள் 2019 கணக்கெடுப்பில் 91 லட்சமாகக் குறைந்திருந்தன.

மாடு பால் தருகிறது, உழுகிறது, நாட்டின் பொருளாதாரமே அதில் இருக்கிறது என்பார்கள். சரி, பன்றி யாருடைய பொருளாதாரம்? வடக்கே பாசி, கட்டிக், வால்மீகி மக்கள். வடகிழக்கில் பழங்குடிகள், நாட்டின் பன்றிகளில் ஏறத்தாழப் பாதி அங்கேதான். நிலம் இல்லாதவர்களுக்குப் பன்றிதான் சேமிப்பு. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு விற்பதும் அதைத்தான். 'ஃபன்றி' படமும் 'மாமன்னன்' படமும் பன்றி வளர்ப்பவர் மீதான அருவருப்பைத் திரையில் காட்டின. அந்த அருவருப்பு திட்ட ஒதுக்கீட்டுக்குள்ளும் நுழையும் என்பதைத்தான் மேலே உள்ள எண்கள் காட்டுகின்றன.

நோய் பரவினால் 'சுத்தமில்லாமல் வளர்க்கிறார்கள்' என்று வளர்ப்பவர் மேலேயே பழி போடுவார்கள். ஓட்டல், கல்யாண மண்டப எச்சிலில் கிடக்கும் வேகாத பன்றி இறைச்சித் துண்டு வழியாக வைரஸ் பரவும் என்பது உண்மை. கொதிக்கவைத்துக் கொடுத்தால் வைரஸ் செத்துவிடும். ஆனால் அத்தனை கழிவையும் கொதிக்கவைக்க விறகுக்கு யார் காசு தருவது? நகரத்தின் கழிவை இலவசமாக அப்புறப்படுத்துபவருக்கு ஒரு பொது அடுப்பும் கொட்டகையும் கட்டித்தர நகராட்சிக்கு முடியாதா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. குட்டிகளுக்குத் தடுப்பூசி, கொதிக்கவைத்த தீனி, புதிதாக வாங்கிய பன்றியை ஒரு மாதம் தனியே அடைப்பது, செத்ததை ஆற்றில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைப்பது, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்வது. 2020 முதல் இந்தியாவில் பரவும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு வைரஸ், அதற்கு இந்தத் தடுப்பூசி பயன்படாது. அறிகுறிகள் ஒன்றுபோலவே இருப்பதால் ஆய்வகப் பரிசோதனை கட்டாயம்.

மாணவத் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகளை உங்கள் மாவட்டக் கால்நடைத் துறைக்கு அனுப்புங்கள். மாவட்டத்தில் பன்றிகள் எத்தனை? கடந்த மூன்று ஆண்டுகளில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி எத்தனை டோஸ் வந்தது? எந்தெந்தக் குடியிருப்புகளில் போடப்பட்டது? வரும் பதிலைச் சேரியில் பன்றி வளர்ப்பவர்களிடம் படித்துக் காட்டுங்கள். கோரிக்கை மனு அவர்கள் கையெழுத்தில் போகட்டும்.

ஜெய் பீம்.