ஊன்றுகோல் எதற்கு ஈடு? இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின் நடைமீட்பு

1. வரையறை

'இடுப்பு' என்ற சொல் பேச்சுவழக்கில் ஆடை கட்டும் இடத்தையே பெரும்பாலும் குறிக்கும். நாம் இங்கே கொள்வது அதற்குக் கீழே, இடுப்பெலும்பின் குழியில் தொடையெலும்பின் தலை பொருந்தும் பந்துக்கிண்ண மூட்டை. 'நடைமீட்பு' என்பது, அறுவைக்குப் பின் உடலெடையை இரு கால்களிடமும் மாறிமாறி ஒப்படைக்கும் ஒழுங்கைத் திரும்பக் கற்பது. 'நடைத்துணை' என்பது, கையின் வழியே அவ்வெடையில் ஒரு பங்கைத் தரைக்குக் கடத்தும் கருவி.

அறுவை மூவகைப்படும். முறிந்த எலும்பை ஆணி, தகடு, திருகு கொண்டு இணைப்பது முதல் வகை. தொடையெலும்பின் தலையை மட்டும் மாற்றுவது பாதி மூட்டு மாற்று. தலை, குழி இரண்டையும் மாற்றுவது முழு மூட்டு மாற்று. 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி உயரடர்த்திப் பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கிய பின்னரே இது நம்பத்தக்க அறுவையாக நிலைபெற்றது. சிமென்ட் இட்டுப் பொருத்திய மூட்டு பெரும்பாலும் தொடக்கம் முதலே முழு எடையைத் தாங்கும். இணைத்த எலும்பு தாங்குவது முறிவின் தன்மையைப் பொறுத்தது. எனவே 'எவ்வளவு ஊன்றலாம்' என்பதை அறுவை செய்தவரே சொல்ல வேண்டும்.

2. தளர்ச்சியின் காரணம்

நடையில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 60 விழுக்காட்டு நேரம் தரையில் ஊன்றியிருக்கும். 40 விழுக்காட்டு நேரம் வீசப்படும். முன்னதை ஊன்றுகட்டம் என்றும் பின்னதை வீசுகட்டம் என்றும் வழங்குவோம். ஒரு கால் வீசப்படும்போது மற்றொரு கால் உடலைத் தனியே தாங்குகிறது. அப்போது இடுப்பெலும்பு வீசும் பக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது, மூட்டின் வெளிப்புறம் அமைந்த நடுப்பிட்டத் தசை.

இதை ஒரு நெம்புகோலாகக் கணக்கிடலாம். 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஊன்றிய காலின் எடை நீங்க, மூட்டின் மேல் நிற்பது சுமார் 50 கிலோ. அது மூட்டுக்கு உட்புறம் 10 செ.மீ. தள்ளியும், தசை வெளிப்புறம் 5 செ.மீ. தள்ளியும் செயல்படுவதாகக் கொள்வோம். சமன் செய்யத் தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். மூட்டு தாங்குவது இரண்டின் கூட்டுத்தொகை, 150 கிலோ. அதாவது உடலெடையைப் போல் இரண்டரை மடங்கு.

அறுவைக்கு முன்பே நெடுநாள் வலியால் இத்தசை மெலிந்திருக்கும். பக்கவாட்டு வழியாகச் செய்யும் அறுவையில் அதன் ஒரு பகுதி பிரிக்கவும் படுகிறது. ஆகவே, மூட்டு புதிதாகிவிட்ட பின்னும் நடை தளர்கிறது.

3. எதிர்க்கை விதி

நோயுற்ற பக்கத்துக் கையில்தான் தடி பிடிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு வேறு சொல்கிறது. எதிர்ப்பக்கக் கையில் பிடித்த தடி மூட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி நிற்பதாகவும், அதன்மேல் 5 கிலோ மட்டும் அழுத்துவதாகவும் கொள்வோம். தசையின் இழுப்பு 40 கிலோ குறையும். தடி தாங்கிய 5 கிலோவும் கழிய, மூட்டின் சுமை 105 கிலோ ஆகும். அசையாமல் நிற்பதற்கான எளிய கணக்கு இது. நடக்கும்போது எண்கள் மாறும், போக்கு மாறாது. அதே பக்கக் கையில் தடி இருந்தாலோ, அதன் உந்தல் உடலை மறுபுறம் சரிக்கவே துணைபோகும். அதை ஈடுகட்ட முண்டம் தடியின் பக்கம் சாயும்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு: கைத்தடி மூன்றாவது கால் அன்று, தளர்ந்த தசைக்கு ஈடு. அமெரிக்க எலும்பியல் அறுவையாளர் வால்டர் பிளவுன்ட் 1956-இல் எழுதிய கட்டுரைக்கு 'கைத்தடியை எறிந்துவிடாதீர்' என்ற பொருள்படத் தலைப்பிட்டார்.

4. துணைகளின் வகை

துணைகள் தாங்கும் திறனின் இறங்குவரிசையில் மூன்று. நாற்கால் சட்டமாகிய வாக்கர் முதலாவது. அக்குள் கட்டையும் முழங்கை ஊன்றுகோலும் இரண்டாவது. கைத்தடி மூன்றாவது.

எல்லாவற்றுக்கும் அளவு ஒன்றே: கையைத் தொங்கவிட்டு நிற்கையில் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் அமைய வேண்டும். பிடிக்கும்போது முழங்கை 20 முதல் 30 பாகை மடிந்திருக்கும். அக்குள் கட்டையின் மேற்பகுதிக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடையை உள்ளங்கை தாங்க வேண்டும். அக்குள் தாங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். நுனியிலுள்ள ரப்பர் பூண் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரத் தரையில் வழுக்காமல் காப்பது அதுவே.

5. நிலைகள்

முதல் நிலை, வாக்கர். வரிசை மாறாதது: முதலில் சட்டம், அடுத்து அறுவைக் கால், பின்பு நல்ல கால். திரும்பும்போது அறுவைக் காலை ஊன்றிச் சுழலாமல், சிற்றடிகளாகத் திரும்ப வேண்டும். பகுதி எடை மட்டும் அனுமதிக்கப்பட்டவர் வீட்டு எடைக்கருவியில் அக்காலை வைத்து அழுத்திப் பார்த்து அளவைப் பழகலாம்.

இரண்டாம் நிலை, இரு ஊன்றுகோல்கள். முழு எடைக்கு அனுமதி பெற்றவருக்கு நான்கடி ஒழுங்கு பொருந்தும்: வலக்கோல், இடக்கால், இடக்கோல், வலக்கால்.

மூன்றாம் நிலை, எதிர்க்கையில் ஒற்றைத் தடி. தடியும் அறுவைக் காலும் ஒருசேர முன்செல்லும்.

படிக்கட்டுக்கு விதி தனி: ஏறும்போது நல்ல கால் முந்தும், இறங்கும்போது தடியும் அறுவைக் காலும் முந்தும்.

பின்வழி அறுவை செய்தவருக்கு மூட்டு நழுவாமல் காக்க, மருத்துவர் சொல்லும் காலம் வரை மூன்று விலக்குகள் உண்டு: 90 பாகைக்கு மேல் இடுப்பை மடக்காமை, காலைக் குறுக்கே போடாமை, பாதத்தை உட்புறம் திருப்பாமை. சம்மணமிடுதலும் குந்தும் கழிப்பறையும் இவற்றோடு முரண்படுவதால், நம் வீடுகளில் உயரமான நாற்காலியும் உயர்த்திய கழிப்பறை இருக்கையும் அறுவைக்கு முன்பே ஏற்பாடாக வேண்டும்.

6. கைவிடும் அளவை

தடியை எப்போது விடுவது? வலி நீங்கியதும் என்பது பொதுவான விடை. மூன்றாம் பகுதியின் முடிவு அதை ஏற்கவில்லை. வலி தீர்வது மூட்டின் செய்தி, தடியோ தசைக்கு ஈடு. எனவே தசையைத்தான் சோதிக்க வேண்டும்.

அச்சோதனையின் அடையாளத்தை 1895-இல் ஜெர்மானிய அறுவையாளர் டிரெண்டலன்பர்க் விளக்கினார். முழு எடைக்கு அனுமதி பெற்றவர், பிடிமானம் அருகிலிருக்க, அறுவைக் காலில் மட்டும் 30 விநாடி நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் இடுப்பெலும்பின் இரு விளிம்புகளைக் கவனிக்கிறார். தூக்கிய காலின் பக்கம் தாழ்ந்தாலோ, முண்டம் ஊன்றிய பக்கம் சாய்ந்தாலோ தசை இன்னும் ஆயத்தமில்லை.

கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது நாணத்தால் தடியை வாசலிலேயே விட்டுச் செல்லும் பெரியவர், வலியின்றி நடக்கலாம். ஆயினும் ஒவ்வோர் அடியிலும் ஒருபுறம் சாய்வார். அச்சாய்வு பழகிவிட்டால் பின்னர்த் தேறிய தசையும் அதை எளிதில் திருத்தாது. பின்னால் நிற்பவர் கண்ணுக்கு இரு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் தெரியும் நாள் வரை தடி கையில் இருக்கட்டும்.