சேரித் திடலின் கணக்குநோட்டு



நினைவுச் சொற்பொழிவில் இலக்கியமும் அரசியலும் பேசுவது வழக்கம். நான் பேச எடுத்துக்கொண்டது கால்பந்துக் குழுக்களின் வரவு செலவு. நம் தெருக்களில் படிப்பகத்தையும் மாலைப் பள்ளியையும் விளையாட்டுக் குழுவையும் கட்டியவை ஒரே கைகள். அவை மூடப்படும்போது சொல்லப்படும் காரணமும் ஒன்றுதான்: பணம் இல்லை. பணம் ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு கிரிக்கெட் வீரர் நிற்கிறார். 1876இல் பிறந்த பல்வங்கர் பாலு, சாமர் சமூகத்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரித்து, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசிச் சம்பளம் வாங்கியவர். இந்துக்கள் அணி அவரது பந்துவீச்சை வைத்து வென்றது. தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே மண்குவளையில் தேநீர் கொடுத்தது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த பிறகும் அணித் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923இல்தான் அவருடைய தம்பி விட்டல் அந்த இடத்துக்கு வந்தார். திறமையை எடுத்துக்கொள்வது, அதை வளர்த்த இடத்துக்கு எதையும் திருப்பித் தராமல் இருப்பது என்ற இந்த முறை இன்றும் தொடர்கிறது. இப்போது அது கிளப் ஒப்பந்தங்களுக்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை வியாசர்பாடியில் பார்க்கலாம். வட சென்னையின் தலித் குடியிருப்புகள் ஆலையையும் ரயில்வேயையும் துறைமுகத்தையும் நம்பி வளர்ந்தவை. பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததை நம் வரலாறு மறக்கவில்லை. அதே ஆலை 1996இல் மூடப்பட்டது. ஒரு தொழிற்பகுதியில் ஆலை மூடப்பட்டால் கூலி மட்டும் நிற்பதில்லை. தெருக்குழுவுக்குப் பந்து வாங்க ஐந்தோ பத்தோ தரும் கைகளும் வறண்டுபோகின்றன.

அதற்கு முன்பு கால்பந்துக்கு இன்னொரு ஊற்று இருந்தது. சென்னை லீகில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள் ஆடின. நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். அந்த ஒருவன் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படிப்பார்கள். தெருக்குழுவுக்குப் புது ஜெர்சியும் வரும். யாரும் திட்டமிட்டு உருவாக்காத இந்த ஏற்பாடு சேரியின் கால்பந்துக்கு நிதி தந்தது. பொதுத்துறை ஆளெடுப்பு சுருங்கியபோது அதுவும் சுருங்கியது. தனியார்மயத்தால் நாம் இழந்தவற்றைக் கணக்கிடும்போது விளையாட்டுத் திடலையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இந்த வெற்றிடத்தில்தான் 1990களின் பிற்பகுதியில் உமாபதி, தங்கராஜ் ஆகிய இருவரின் முயற்சியில் வியாசர்பாடி முல்லை நகர் திடலில் சேரிக் குழந்தைகளுக்கான விளையாட்டு, கல்வி அமைப்பு உருவானது. பந்தும் பாடமும் சேர்ந்தே நடந்தன. ஆலையும் அரசு நிறுவனமும் சுமந்த செலவு இப்போது தனிமனிதர்களின் தோளுக்கு வந்தது. இப்படிப்பட்ட குழுவை நடத்தியவர்களுக்கு அந்தச் செலவு தெரியும்: பந்து, பூட்ஸ், அவித்த முட்டை, பேருந்துக் கட்டணம், லீக் பதிவுக் கட்டணம், காயம்பட்ட பையனின் ஸ்கேன். பயிற்சியாளரின் உழைப்பு மட்டும் எந்த நோட்டிலும் ஏறாது. அதற்குச் சம்பளம் போட்டுப் பார்த்தால், இந்தியக் கால்பந்துக்கு மிகப் பெரிய நன்கொடை தந்தவர்கள் சேரிவாசிகள்தான் என்பது விளங்கும்.

2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. கோவாவை 3-0 என்று வென்றது. அதில் ஒரு கோல் வியாசர்பாடி தனபால் கணேஷுடையது. நான்கே நாளில் சென்னை அணி கோப்பையையும் வென்றது. அன்று வியாசர்பாடி கொண்டாடியது. ஆனால் அந்த மகிழ்ச்சி எந்தத் திடலுக்கும் வரவாக மாறுவதற்கு வழி இல்லை.

சிறு கிளப்புகள் மேலே போனால் நிலைமை மாறிவிடுமா? சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதை பதில் சொல்கிறது. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கிய அணி அது. 2016-17இல் ஐ-லீகில் நுழைந்தது. 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனது. குமரிக் கடற்கரை மீனவ ஊர்களிலிருந்து வந்த பையன்களும் அந்த அணியில் ஆடினார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இளையோர் பயிற்சி பற்றி நிறையப் பேசப்பட்டது. பிறகு கொரோனா வந்தது. 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியலில் அதன் பெயரே இல்லை. கோப்பையிலிருந்து காணாமல் போவதற்கு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

பெரிய முதலாளிகள் வந்தால் பாதுகாப்பு என்பதும் உண்மையில்லை. 2025 ஜூலையில், உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வரும் நிலையில், ஐ.எஸ்.எல்.லின் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1885இல் தோன்றிய பெரி கிளப் 2019இல் கடன் சுமையால் லீகிலிருந்து நீக்கப்பட்டது. ஒருவர் கையிலிருக்கும் பணத்தை மட்டும் நம்பி நிற்கும் கிளப், அந்தக் கை விலகினால் விழும்.

அப்படியானால் வளர்த்தவர்களுக்கு எதுவுமே இல்லையா? சட்டத்தில் இருக்கிறது. ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரர் நாடு கடந்து விலைக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு அந்த 5 சதவீதத்தில் இருபதில் ஒரு பங்கு. அதன் பிறகு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு. ஒரு கோடி ரூபாய்க்கு மாறும் வீரரை அந்த முதல் நான்கு ஆண்டுகள் வளர்த்த திடலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வர வேண்டும். ஓர் ஆண்டு முழுக்கப் பந்துக்கும் முட்டைக்கும் கவலை இருக்காது.

ஆனால் அந்தப் பணம் வந்து சேர வேண்டுமானால், சிறுவன் அந்த வயதில் அந்தக் கிளப்பின் பெயரில் சம்மேளனத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் திடலில் வளர்கிறார்கள். வேறு யாருடைய பெயரிலோ பதிவாகிறார்கள். மேலும் நம் வீரர்கள் பலர் உள்நாட்டுக்குள், ஒப்பந்தம் முடிந்து, விலையின்றி மாறுகிறார்கள். பூஜ்யத்தில் 5 சதவீதம் பூஜ்யம்தான். உள்நாட்டு மாற்றங்களிலும் வளர்த்த கிளப்புக்கு வெகுமதி தரும் ஏற்பாட்டைத் தேசியச் சம்மேளனம் செய்ய வேண்டும் என்று ஃபிஃபா விதியே சொல்கிறது. அது முல்லை நகர் போன்ற திடல்வரை வந்து சேர வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

சி.எஸ்.ஆர். நிதியின் கதையும் இதுதான். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 பதிவு கட்டாயம். அதற்கு வருமான வரிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுகள் வேண்டும், மூன்றாண்டு செயல்பாட்டுச் சான்று வேண்டும், தணிக்கை வேண்டும். பிள்ளைகளை வளர்க்கத் தெரிந்தவர்களிடம் காகிதம் இல்லை. காகிதம் உள்ளவர்களிடம் நிதி போகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல் பெயரில் ஒரு கிரிக்கெட் அணி இருக்கிறது, 2024இல் டி.என்.பி.எல். கோப்பையையும் வென்றது. நத்தத்தில் ஒரு தனியார் கல்லூரி வளாகத்தில் அதற்கு மைதானமும் உண்டு. ஊரின் பெயர் விற்பனைக்குப் போயிற்று. ஊரின் சேரிக்கு என்ன வந்தது என்று கேட்பது பொறாமை ஆகாது. பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2016இல் தொடங்கப்பட்டு, 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. 2023-24இல் அந்த லீக் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று நடக்கத் தொடங்கியபோது இருந்தவை ஏழே அணிகள். ஒவ்வொரு பயணமும் செலவுதான். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போகும் நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருடைய கால்களில் அந்த ஆட்டம் இருக்கிறதோ, யாரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, திடல். 1891 திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்பது நமக்குத் தெரியும். பெயரில் இல்லாத திடலும் அப்படித்தான் போகும். ஆடும் இடத்தை வருவாய்ப் பதிவேட்டில் விளையாட்டு மைதானமாக ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள். இரண்டாவது, அரசு நிதி. 1979-80இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டத்துக்கு 2024இல் தமிழ்நாடு சட்ட வடிவம் கொடுத்திருக்கிறது. அந்த நிதியில் சேரித் திடலுக்கும் பயிற்சியாளர் ஊதியத்துக்கும் பங்கு கேளுங்கள். மூன்றாவது, கணக்கு. சமூகவியல், வணிகவியல் படிக்கும் மாணவர்களே, இது உங்கள் வேலை. உங்கள் தெருக்குழுவைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியையும், பயிற்சிக்கு வந்த ஆண்டுகளையும் எழுதி வையுங்கள். பயிற்சியாளர் கொடுத்த மணி நேரங்களையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள்.

நம் உழைப்பு கணக்கில் ஏறாமல் போனதுதான் நம் வரலாற்றின் பெரும்பகுதி. நாளை ஒரு பையனோ பெண்ணோ இந்தச் சமவெளியிலிருந்து பெரிய அணிக்குப் போகும்போது, அவரை வளர்த்தது எந்தத் தெரு என்று ஒருவர் கேட்பார். பதில் சொல்ல நம்மிடம் அந்த நோட்டு இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.