ஐஸ் ஹவுஸ் பெண்களின் சிஸ்டர்

சிஸ்டர் சுப்பலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சை மாவட்டத்து ரிஷியூர் பூர்வீகம். தந்தை ஆர். வி. சுப்பிரமணிய ஐயர் அரசு ஊழியர், தாய் விசாலாட்சி. அக்கால வழக்கப்படி பதினோரு வயதில் கல்யாணம் நடந்தது. புகுந்த வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே கணவன் இறந்துபோனான்.

பிராமணக் குடும்பத்தில் கைம்பெண்ணுக்கு அடுத்து நடப்பது என்ன என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. தலையை மழித்து, நகைகளைக் கழற்றி, நார்மடி உடுத்தி, சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் ஆயுள் முழுவதும் கழிய வேண்டும். சுபகாரியங்களில் இடமில்லை, தெருவில் எதிரே வந்தால் அபசகுனம். சுப்பிரமணிய ஐயர் வீட்டிலும் இந்த வழக்கத்தைக் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள். விசாலாட்சியின் தங்கை வாலாம்பாள் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். ஆயினும் மகளின் தலைமுடியில் கை வைக்கப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எழும்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய கான்வென்ட், பிறகு மாநிலக் கல்லூரி என்று படிப்பு நீண்டது. 1911இல் பி.ஏ. தேறியபோது, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்ற பெயர் கிடைத்தது.

அந்த ஆண்டுகளில் மாகாணத்தின் பெண் பள்ளிகளுக்கு இருந்த பெரிய குறை ஆசிரியைகள் இல்லாதது. மேல்சாதி வீட்டுப் பெண்கள் பெரியவளானதும் படிப்பை நிறுத்திப் புகுந்த வீடு போனார்கள். அவர்கள் கற்பிக்க வருவது நடக்காத காரியம். இருந்த ஆசிரியைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்பதால், மதம் மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சிப் பெண்ணையே அனுப்பாத வீடுகள் பல. மாகாணப் பெண்கல்வி ஆய்வாளராக இருந்த அயர்லாந்துக்காரர் கிறிஸ்டினா லிஞ்ச் இந்த முடிச்சை அவிழ்க்க வழி தேடிக்கொண்டிருந்தார். புகுந்த வீட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லாத, பிறந்த வீட்டில் சுமையென்று கருதப்பட்ட குழந்தைக் கைம்பெண்களைப் படிக்கவைத்தால் ஆசிரியைகள் கிடைப்பார்கள். அந்தப் பெண்களுக்கும் பிழைப்பு கிடைக்கும். இரக்கமும் அரசாங்கத் தேவையும் இப்படி ஓரிடத்தில் கைகோப்பது அபூர்வம். 1912இல் சுப்பலட்சுமியின் முயற்சியில் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. எழும்பூரில் அவருடைய தந்தையின் வீட்டிலேயே நான்கு பெண்களுடன் விடுதி தொடங்கியது.

படிப்பு சுப்பலட்சுமியின் பொறுப்பு. அடுப்பங்கரை உள்ளிட்ட வீட்டுப் பொறுப்பு சித்தி வாலாம்பாளுடையது. இந்த ஏற்பாட்டில்தான் விடுதியின் உயிர் இருந்தது. ஆசாரமான ஒரு மாமி சமைத்துப் போடுகிறார் என்ற ஒரே நம்பிக்கையில் மகளை விட்டுச்செல்லும் பெற்றோர் இருந்தார்கள். இதில் முன்னோர் பட்ட அடியின் பாடமும் உண்டு. பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் தொடங்கி, புணேவுக்கு மாற்றிய சாரதா சதனம் என்ற கைம்பெண் விடுதியில் பெண்கள் கிறிஸ்தவத்தின் பக்கம் ஈர்க்கப்படுகிறார்கள் என்று 1893இல் புயல் கிளம்பியபோது, பெற்றோர் பலர் தங்கள் பெண்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சென்னை விடுதி அப்படி ஒரு சந்தேகத்துக்கே இடம்கொடுக்கவில்லை. பிராமணக் கைம்பெண்களை மட்டுமே சேர்த்தது. மடி, ஆசாரம், பூஜை எதையும் விடவில்லை. வழக்கத்தின் வாசல் வழியாகவே உள்ளே நுழைந்து, உள்ளிருந்த பெண்ணை வெளியே அழைத்து வந்தது என்று சொல்லலாம். அதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. சாதிச் சுவர் அப்படியே நின்றது. அதே வயதில், அதே துயரத்தில் இருந்த மற்றச் சாதிப் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டுவோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெண்களின் எண்ணிக்கை கூடக்கூட இடம் போதவில்லை. கைம்பெண் கூட்டத்துக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதும் எளிதாக இல்லை. கடைசியில் விடுதி போய்ச் சேர்ந்த இடம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய வட்ட வடிவக் கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கியிருந்தார். 1917இல் அரசு அதை விலைக்கு வாங்கியது. மூலையில் உட்கார வேண்டியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய சிறுமிகளுக்குக் கிடைத்த வீடு நகரத்திலேயே கண்ணில் படும் கட்டடங்களில் ஒன்று! அங்கிருந்து சிலர், 1914இல் அதே கடற்கரையில் தொடங்கிய ராணி மேரி கல்லூரிக்கும் படிக்கப் போனார்கள். சொந்தப் பிள்ளை பெறாத சுப்பலட்சுமி அவர்கள் எல்லோருக்கும் தாயாக இருந்தார். ஆனால் ஊர் முழுவதும் அவரை அழைத்தது ‘சிஸ்டர்’ என்றுதான்.

1920இல் அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் அவரே. குழந்தைக் கைம்பெண்ணாக விடுதிக்கு வந்தவள் பயிற்சி முடித்து, சம்பளம் வாங்கும் ஆசிரியையாகத் தன் ஊருக்கே திரும்பிப் போவது இப்போது நடைமுறைக்கு வந்தது. வயதில் மூத்த கைம்பெண்களை ஐஸ் ஹவுஸில் சேர்க்க முடியாதிருந்த குறையை, சாரதா மகளிர் சங்கம் தொடங்கிய சாரதா வித்யாலயம் தீர்த்தது. 1938இல் அதன் பொறுப்பை ராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. கடற்கரைக் குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்கும் அவர் ஒரு பள்ளி நடத்தினார். விடுதி விதிகள் தடுத்த இடத்தில் இப்படி வேறொரு வாசலைத் திறந்துகொண்டார் போலும்.

அரசு ஊழியர் என்பதால் அரசியல் மேடைகள் அவருக்கு விலக்கு. ஆனால் குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு ஆதரவாக நிற்க அது தடையாகவில்லை. 1929இல் நிறைவேறிய அந்தச் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது. சட்டத்தின் பெயர் அதைக் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சாரதாவினுடையது. சென்னைச் சங்கத்தின் பெயரோடு பொருந்தியது தற்செயல்.

பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. மயிலாப்பூர் மகளிர் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். அந்தச் சங்கத்தின் முயற்சியில் 1956இல் வித்யா மந்திர் பள்ளி எழுந்தது. தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் கிராமப் பெண்களிடையே பணியாற்றினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர். 1958இல் பத்மஸ்ரீ விருது வந்தது. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேய எழுத்தாளர் மோனிகா ஃபெல்டன் அவரோடு பழகிக் கேட்டறிந்து எழுதிய வாழ்க்கை வரலாறு 1966இல் வெளியாயிற்று. அதற்குள் ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியிருந்தது.

1969 டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, சிஸ்டர் சுப்பலட்சுமி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 83.