பிடி பயிர்: மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஆபத்தா?

ஈப்போவில் நீங்க சாப்பிடும் தவுகே கோழி, இறக்குமதியான மரபணு மாற்றப்பட்ட சோளத்தைத் தின்று வளர்ந்திருக்கலாம். ஆனால் அந்தச் சோளம் பேராக் மண்ணில் விளைந்ததல்ல. இத்தகைய பயிரை மலேசியாவில் வணிக ரீதியில் பயிரிடுவதில்லை. 2007 உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு முன்அனுமதி வேண்டும்.

பிடி என்றால் என்ன?
பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். அதன் மரபணுவைச் சேர்த்தால், புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரிக்கும். இந்தியாவில் பிடி பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது.

மண்ணுக்கு என்ன ஆகும்?
பிடி சோளத்தின் வேர் வழியாகவும் அந்தப் புரதம் கசிவதை 1999இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். களிமண்ணில் ஒட்டிக்கொண்டால் அது சீக்கிரம் சிதையாது. ஆனாலும் பெரும்பாலான வயல் ஆய்வுகளில் நுண்ணுயிர்களிடம் பெரிய, நிலையான மாற்றம் தெரியவில்லை. மண் வகையும் பருவமும்தான் அதிக வித்தியாசத்தைக் காட்டின.

அப்போ கவலை வேண்டாமா?
அப்படிச் சொல்லிட முடியாது. தாத்தா பாட்டி மரம் சீவிய தோட்டங்களில், ரப்பர் மரங்களுக்கு இடையே அவரைக் குடும்பப் படர்கொடிகளை வளர்த்தார்கள். அவற்றின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தொழிலாளர்களை நம்பித்தான் மண் இருக்கு. நாளை இங்கே பிடி பயிர் வந்தால், "நம்ம மண்ணிலேயே சோதிச்சுப் பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க.