போதைப் பயன்பாட்டில் தன்கூற்றின் நம்பகம்: சேலம், நாமக்கல்

மது, கஞ்சா, வலி மாத்திரை போன்றவற்றை எவ்வளவு, எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார் என்று பழக்கத்துக்கு ஆட்பட்டவரே சொல்வது தன்கூற்று. சிகிச்சையும் அரசுக் கணக்கெடுப்பும் பெரும்பாலும் இதை நம்பியே நடக்கின்றன. அடிமையானவர் பொய்தான் சொல்வார் என்ற பரவலான எண்ணத்தை ஆய்வுகள் ஏற்கவில்லை. சொல்வதால் தண்டனையோ அவமானமோ வராது என்று தெரிந்தால் பெரும்பாலோர் உண்மையே சொல்கிறார்கள். யார் கேட்கிறார், பதிலுக்கு என்ன விலை என்பதே முக்கியம்.

இந்தியாவில் மதுவிலக்கை ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. இன்றைய நாமக்கல்லும் அன்று அதற்குள் அடக்கம். அதன்பின் குடித்ததாகச் சொல்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாயிற்று. அந்த நிலையில் "விட்டுவிட்டேன்" என்ற பதிலை மட்டும் வைத்துச் சட்டத்தின் வெற்றியை அளக்க முடியாது. குடும்பச் செலவு, கடன், மனைவியின் சொல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசே டாஸ்மாக் கடைகளில் மது விற்கும் இன்றும், சொல்வதற்கும் நடப்பதற்கும் இடைவெளி தெரிகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் குடிப்பதாகச் சொன்ன ஆண்கள் 2015-16இல் 46.7 விழுக்காடு, 2019-21இல் 25.4. ஆய்வின் வயது வரம்பு மாறியதும் இந்தக் குறைவுக்கு ஒரு காரணம். ஆனால் டாஸ்மாக் வருவாய் அதே காலத்தில் சுமார் 26 ஆயிரம் கோடியிலிருந்து 34 ஆயிரம் கோடியை எட்டியது. விலையேற்றத்தைக் கழித்தாலும், குடிப்பவர் பாதியாகக் குறைந்தார்கள் என்பதை நம்புவது கடினம்.

பொய்யே இல்லாமலும் கணக்கு தவறும். மதுப் பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாள், குடித்த அளவை 'டிரிங்க்' என்ற நிலையான அலகில் கேட்கிறது. "ஒரு குவார்ட்டர்தாங்க" என்பவருக்கு ஒன்று என்று குறித்தால் பிழை; குவார்ட்டரில் உள்ள 180 மில்லி பிராந்தி ஏறக்குறைய ஆறு டிரிங்க்.

சிறுநீர்ச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஹெராயின் தடயம் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். தமிழ்நாட்டில் போதைக்காகப் பயன்படும் டேபென்டடால் மாத்திரையை வழக்கமான ஓபியேட் சோதனைப் பட்டை காட்டாது. அங்கே நோயாளியின் வாய்ச்சொல்தான் முதல் சான்று.

லாரி முதலாளியோ காவலரோ கேட்கும்போது உண்மையைச் சொன்னால் நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு வேலையும் உரிமமும் போகலாம். அதனால் பெயர் எழுதாமல் பதிலைப் பெட்டியில் போடும் வாக்குச்சாவடி முறை கணக்கெடுப்புக்கு ஏற்றது. சிகிச்சையில் உளவியலாளர்களான சோபெல் தம்பதியர் வகுத்த நாட்காட்டி முறை உதவும்: லோடு ஏற்றிய நாள், சம்பள நாள், மாரியம்மன் பண்டிகை என்று ஒவ்வொன்றாக நினைவூட்டி, அன்றன்று எவ்வளவு என்று கேட்பார்கள்.