போலீஸ் வைத்த பிரதி

தென்னார்க்காட்டில் நாடகம் நடந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி எங்கே என்று கேட்டால், முதலில் போலீஸைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. இதில் வியக்க ஒன்றுமில்லை. ரசிகன் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். நடிகன் அடுத்த ஊருக்கு ரயிலேறிவிட்டான். உட்கார்ந்து எழுதிவைத்தவன் சந்தேகப்பட்டவன் ஒருவன்தான்.

1876ல் வந்த நாடகச் சட்டம், வங்காளத்து மேடையைக் கண்டு வெள்ளைக்கார சர்க்கார் பயந்ததன் விளைவு. 1954ல் நம் சட்டசபையே இன்னொன்றை நிறைவேற்றியது. எம். ஆர். ராதாவின் நாடகங்கள்தான் அதற்கு உடனடிக் காரணம். வசனப் பிரதியைப் போலீஸாரிடம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு நாடகம் போடுவது நெடுநாள் வழக்கமாயிற்று. ஞாநி தொடுத்த வழக்கில் 2013ல் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். கூடவே ஒரு அற்பக் கவலை: இத்தனை வருஷம் வாங்கி வைத்த பிரதிகளை என்ன செய்வார்கள்?

என் உத்தியோகம் அப்படி. வங்கிகள் தங்கள் லெட்ஜர்களையும் வவுச்சர்களையும் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 1985ல் போட்ட விதி ஒன்று உண்டு. சிலவற்றுக்கு 5 வருஷம், சிலவற்றுக்கு 8. கெடு முடிந்த காகிதத்தை அழிப்பதும் எங்கள் வேலையில் சேர்த்தி. எந்த ஆபீஸிலும் காகிதம் பிழைப்பது அருமையினால் அல்ல, அழிக்க ஆள் இல்லாததனால்.

அப்படிப் பிழைத்த காகிதத்தைக் கொண்டு நல்ல காரியம் செய்தவர் தியடோர் பாஸ்கரன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அரசாங்கக் கோப்புகளிலிருந்து, சுதந்திரப் போராட்ட காலத்து நாடகமும் சினிமாவும் அரசியலைச் சுமந்து சென்ற கதையை 1981ல் ஆங்கிலப் புத்தகமாக எழுதினார். கம்பெனி நாடகத்தைக் கொச்சை என்று ஒதுக்கிவந்த நம் படித்தவர்களுக்கு அது ஒரு அடி. விசுவநாத தாஸ் போன்றவர்களைச் சிறைக்கு அனுப்பிய அதிகார வர்க்கமே அவர்களுக்குச் சரித்திரகாரனாகவும் ஆகிவிட்ட விநோதத்தை என்ன சொல்வது.

ஆனால் போலீஸ் பிரதியை நாடகம் என்று நினைத்துவிடக் கூடாது. அது அனுமதிக்காக எழுதிய சாதுவான பிரதி. ராதா அன்றைய பேப்பரைப் பார்த்துவிட்டு மேடையில் பேசியது அதில் இராது. விசுவநாத தாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று எதைப் பாடினார் என்பது ஒருவேளை குறிப்பேறியிருக்கலாம். எந்த ராகத்தில் இழுத்தார், கொட்டகை எங்கே ஆரவாரித்தது என்பது இராது. ஒற்றனுக்குச் சங்கீத ஞானம் இருக்கவேண்டும் என்று சட்டத்தில் சொல்லவில்லை.

இன்னொரு பதிவேடு 1867ம் வருஷ அச்சகச் சட்டத்தினால் வந்தது. ராஜதானியில் அச்சான புத்தகத்தையெல்லாம் மூன்று மாதத்துக்கொருமுறை பட்டியல் போட்டார்கள். இதனால் வாசலில் விற்ற மலிவான பாட்டுப் புத்தகங்களுக்குக்கூடப் பெயரும் பக்கக் கணக்கும் மிஞ்சின. புத்தகங்கள் மிஞ்சியது வேறு வகையில். கோட்டையூரில் சைன்போர்டு எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, நாடக நோட்டீஸ்களையும் கலியாணப் பத்திரிகைகளையும்கூட விடாமல் சேர்த்தார். 1992ல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, அது சென்னையில் நூலகமாக நிலைத்தது. வாங்குவதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் பாண்டிச்சேரி. சங்கரதாஸ் சுவாமிகள் அங்கேதான் 1922 நவம்பர் 13ல் இறந்தார். பையன்களுக்காக ஒரே இரவில் அபிமன்யு நாடகம் முழுவதையும் பாட்டும் வசனமுமாக எழுதித் தந்தவர் என்பதை நாம் அறிவது, அவரிடம் 1918ல் ஆறு வயதில் சேர்ந்த டி. கே. ஷண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ என்று 1972ல் புத்தகம் எழுதியதால்தான். சுவாமிகள் எழுதியவற்றில் நம் கைக்கு வந்தவை கொஞ்சமே. ஷண்முகத்தின் நினைவு அபாரமானது. ஆயினும் அது ஜெயித்தவரின் நினைவு. மூன்றாம் மாதத்தில் கலைந்துபோன கம்பெனிக்காரன் சுயசரிதை எழுதுவதில்லை.

கம்பெனிக்காவது இவ்வளவு. கூத்துக்கு?

சிதம்பரம் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் 108 கரணங்களும் கல்லில் நிற்கின்றன, நாட்டிய சாஸ்திரச் சுலோகத்தோடு. அதைவிடப் பத்திரமான ஆவணக் காப்பகம் உலகத்தில் எந்த நடனத்துக்கும் இருப்பதாக எனக்குப் படவில்லை. அதே மாவட்டத்துத் திரௌபதை அம்மன் கோயில் திடலில் விடியவிடிய நடக்கிற கூத்துக்கு வாத்தியாரின் நோட்டுதான் உண்டு. புரிசை கண்ணப்ப தம்பிரான் பெயரை நாம் தெரிந்துகொண்டது ந. முத்துசாமி போய்ப் பார்த்து எழுதியதால். முத்துசாமி போகாத ஊர்கள் எத்தனையோ.

கடலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அப்படி ஒரு நோட்டைப் பார்த்தேன். வாத்தியார் எங்கள் கிளையில் நகைக் கடன் வைத்திருந்தவர். வட்டி கட்ட வந்தபோது பேச்சு வளர்ந்தது. 2011 தானே புயலில் கூரை போயிற்று, நோட்டு பரணில் தப்பியது. 2015 வெள்ளத்தில் தப்பவில்லை. கர்ண மோட்சத்தில் பாதி, பக்கத்தோடு பக்கம் ஒட்டி அட்டைபோல் ஆகிவிட்டது.

பாட்டு எனக்குப் பெரிதாகப் படவில்லை. கர்ண மோட்சம் இரத்தின நாயகர் வகை மலிவுப் பதிப்பிலேயே கிடைக்கும். நான் விழித்துக்கொண்டது ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்து. எந்த ஊர், எத்தனை ரூபாய் அட்வான்ஸ், முகவீணைக்காரன் வராத இரவு, மழையால் துகிலோடு நின்றது, கட்டியக்காரன் பேச்சுக்குச் சண்டை மூண்டது. இந்தப் பக்கத்து மேடையின் சரித்திரம், போலீஸ் எழுதாத சரித்திரம், அந்த ஓரத்தில் இருந்தது. பிரசுரத்துக்கு எடுப்பவர்கள் பாட்டைப் பெயர்த்து எழுதிக்கொண்டு ஓரத்தை விட்டுவிடுவார்கள் என்பது என் பயம்.

நோட்டை ஒரு வாரம் கொடுங்கள், போட்டோ எடுத்துத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

“தர முடியாது சார். சித்திரையில கூத்து ஒத்துக்கிட்டிருக்கேன். அது இல்லாம பையனுங்களுக்கு எப்படிப் பாடம் சொல்றது?”

அப்புறம் திண்ணையிலேயே உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பக்கம் பக்கமாகப் படமெடுத்தேன். ஒட்டிக்கொண்ட பக்கங்களைத் தொடவில்லை. கிளம்பும்போது அவர் கேட்டது இதுதான்:

“கண்ணு சரியாத் தெரியறதில்ல சார். அந்தக் காப்பியை எழுத்தப் பெரிசாக்கி எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க.”