பழைய சிஆர்எம் மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர் தரவை இடம்பெயர்த்தல்

வாடிக்கையாளர் தரவு இடமாற்றம் என்பது, ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைப் பற்றிப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த பெயர், முகவரி, உரையாடல் குறிப்பு, விலைப்புள்ளி, ஒப்பந்தம், புகார் ஆகிய பதிவுகளைப் பழைய சிஆர்எம் எனப்படும் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருளிலிருந்து எடுத்து, பொருளும் உறவும் சிதையாமல் புதிய மென்பொருளில் சேர்க்கும் பணி. கோப்புகளை நகலெடுப்பது இதில் மிகச் சிறிய பகுதிதான். பழைய தரவுத்தளத்தின் ஒவ்வொரு புலத்திலும் உண்மையில் என்ன இருக்கிறது, எந்தப் பதிவு எதைச் சேர்ந்தது, எது இன்றும் பயன்படுவது என்று கண்டறிவதற்கே காலத்தின் பெரும்பகுதி செல்கிறது.

பின்னணி

விற்பனையாளரின் தொடர்புக் குறிப்பேட்டைக் கணினிக்குக் கொண்டுவந்த ஆக்ட் மென்பொருள் 1987இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1993இல் தாமஸ் சீபலும் பட்ரீசியா ஹவுஸும் தொடங்கிய சீபல் சிஸ்டம்ஸ், பெருநிறுவனங்களின் விற்பனை, சேவைப் பிரிவுகள் முழுவதும் ஒரே தரவுத்தளத்தில் வேலை செய்ய வழி வகுத்தது. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அதைத் தம் சொந்த சர்வர்களில் நிறுவி, தம் வழக்கத்துக்கேற்ப மாற்றிக்கொண்டன. 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் அதே வேலையை இணையம் வழியே சந்தா முறையில் தந்தது. 2005இல் சீபலை 585 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டில்தான் சென்னையிலிருந்து அட்வென்ட்நெட் நிறுவனத்தின் ஜோஹோ சிஆர்எம் வெளியானது.

இன்று இடம்பெயர்க்கப்படும் தரவில் ஒரு பகுதி, 1990களிலும் 2000களிலும் நிறுவப்பட்ட இத்தகைய சொந்த சர்வர் மென்பொருள்களில் இருப்பது. பராமரிப்புச் செலவு, மென்பொருளை அறிந்தவர்கள் ஓய்வு பெறுவது, நிறுவனங்கள் இணைவது ஆகியவை இடமாற்றத்துக்கு வழக்கமான காரணங்கள்.

பழைய தரவின் அமைப்பு

திரையில் தெரிவதும் தரவுத்தளத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு சீபல் நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒவ்வொரு வரிக்கும் ரோ ஐடி என்ற தனி அடையாளம் உண்டு. நிறுவனம், தனிநபர், பணியாளர் எல்லாரும் பார்ட்டி என்ற பொது அட்டவணையின் வழியாகவே இணைக்கப்படுகிறார்கள். திரையில் ‘செயலில் உள்ளது’ என்று காட்டும் இடத்தில் அட்டவணைக்குள் ஒரு குறியீடு மட்டுமே இருக்கும். அதன் விளக்கம் வேறொரு பட்டியலில் கிடக்கும். சில மதிப்புகள் எந்த அட்டவணையிலும் இல்லை. திரை திறக்கும் நேரத்தில் கணக்கிடப்படுபவை அவை. இவற்றுக்கு மேல், நிறுவனங்கள் விரும்பியபடி பயன்படுத்திக்கொள்ள ஆட்ரிப் 01, ஆட்ரிப் 02 என்று எண் மட்டுமே பெயராகக் கொண்ட கூடுதல் புலங்களும் உண்டு. அவற்றில் என்ன இருக்கிறது என்பதை ஆரக்கிளின் கையேடு சொல்லாது. அந்த நிறுவனத்தில் நெடுநாள் வேலை பார்த்தவர்தான் சொல்ல முடியும். இணைப்புக் கோப்புகள் தரவுத்தளத்துக்கு வெளியே, தனிக் கோப்பகத்தில் எஸ்ஏஎஃப் என்ற சுருக்கிய வடிவில் இருக்கும். அவற்றை விரித்துத் தராவிட்டால் புதிய மென்பொருள் அவற்றைப் படிக்காது.

எனவே அட்டவணைகளை நேரடியாக எடுப்பதா, மென்பொருளின் ஏபிஐ எனப்படும் நிரல் இடைமுகத்தின் வழியே எடுப்பதா என்பது முதல் முடிவு. நேரடியாக எடுத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் குறியீடுகளின் பொருளைத் தனியே மீட்க வேண்டும். ஏபிஐ பொருளோடு தரும். பல லட்சம் பதிவுகள் என்றால் நாள்கணக்கில் இழுக்கும். இணைய வழிச் சேவையிலிருந்து வெளியேறுவோருக்கு, ஒரு நாளில் எத்தனை அழைப்புகள் என்ற வரம்பும் குறுக்கே நிற்கும்.

புலங்களைப் பொருத்துதல்

பழைய புலம் ஒவ்வொன்றும் புதியதில் எங்கே சேரும் என்று எழுதிவைக்கும் ஆவணத்தைத் துறையினர் மேப்பிங் என்கிறார்கள். புலத்தின் பெயரை மட்டும் பார்த்து மேப்பிங் தயாரிப்பது இப்பணியின் பெரிய ஆபத்து. ஃபேக்ஸ் எண்ணுக்கான இடத்தில் கைபேசி எண்ணும், முகவரியின் மூன்றாம் வரியில் ‘கடன் தரக்கூடாது’ என்ற எச்சரிக்கையும் இருப்பது பழைய மென்பொருள்களில் இயல்பு. இந்தியாவில் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன் எழுதப்பட்ட மென்பொருள்களில் ஜிஎஸ்டி எண்ணுக்கு இடமே இல்லை. அதனால் பயனர்கள் அதைக் காலியாகக் கிடந்த ஏதோவொரு புலத்தில் இட்டு நிரப்ப நேர்ந்தது. இதைக் குறை என்று ஒதுக்குவது தவறு. மென்பொருள் இடம் தராதபோதும் தகவலைத் தவறவிடாமல் காத்தவர்களின் வேலை அது. மேப்பிங் எழுதுபவர் ஒவ்வொரு புலத்திலும் எத்தனை பதிவுகள் நிரம்பியுள்ளன, எந்த வடிவில் உள்ளன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு விற்பனை, சேவைப் பிரிவினரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பெயர்களும் இரட்டைப் பதிவுகளும்

ஒரே வாடிக்கையாளர் பல பதிவுகளாக இருப்பதைக் கண்டுபிடித்து இணைப்பது இடமாற்றத்தின் கடினமான கட்டம். இரு பதிவுகள் ஒருவரையே குறிக்கின்றனவா என்பதை நிகழ்தகவு கொண்டு கணிக்கும் முறையை கனடாவின் புள்ளியியலாளர்கள் இவான் ஃபெலகியும் ஆலன் சண்டரும் 1969இல் வகுத்தார்கள். இத்துறையின் கோட்பாட்டு அடித்தளம் இன்றும் அதுவே. ஒலிப்பை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறை அதைவிடப் பழையது. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது.

இம்முறைகளைத் தமிழ்ப் பெயர்கள்மேல் அப்படியே செலுத்த முடியாது. சவுண்டெக்ஸ் பெயரின் முதல் ஆங்கில எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளும். ஆகவே இளங்கோ என்ற பெயரை ஒருவர் ஐ என்ற எழுத்திலும் மற்றவர் ஈ என்ற எழுத்திலும் தொடங்கினால் அவை இரு வேறு பெயர்கள் ஆகிவிடும். தமிழ்ச்செல்வியில் வரும் ழகரத்தை ஒருவர் எல் என்றும் இன்னொருவர் இசட், எச் என்றும் எழுதினாலும் அதே கதி. முன்னெழுத்துச் சிக்கல் இதைவிடப் பெரிது. சேல்ஸ்ஃபோர்ஸில் தொடர்பாளருக்குக் குடும்பப் பெயர்ப் புலம் கட்டாயம். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டு எழுதும் தமிழருக்கு அப்படியொரு பெயர் இல்லை. ‘எஸ். கண்ணன்’, ‘கண்ணன் எஸ்.’ என்ற இரு பதிவுகளை இயந்திர விதி பிரித்தால், ஒன்றில் கண்ணனும் மற்றொன்றில் எஸ் என்ற ஒற்றை எழுத்தும் குடும்பப் பெயராகிவிடும். முழுப் பெயரையும் பிரிக்காமல் கட்டாயப் புலத்திலேயே வைப்பது இதற்குப் பாதுகாப்பான வழி.

நிறுவன வாடிக்கையாளர்களுக்குப் பெயரைவிட நம்பகமான அடையாளம் உண்டு. 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் முதல் 2 இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும் (தமிழ்நாட்டுக்கு 33). அடுத்த 10 இடங்கள் பான் எண். ஒரே நிறுவனத்தின் சென்னை, பெங்களூரு கிளைகள் வெவ்வேறு ஜிஎஸ்டி எண் வைத்திருந்தாலும் நடுவில் உள்ள பான் எண் ஒன்றே. ஆனால் பான் எண் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டையும் ஒரே பதிவாகக் கலந்துவிடக் கூடாது. தாய் நிறுவனம், கிளை என்ற உறவாகவே அமைக்க வேண்டும்.

எழுத்து, தேதி, எண்

பிரிட்டனில் 2020ஆம் ஆண்டு, பழைய எக்செல் கோப்பு வடிவத்தின் 65,536 வரி வரம்பு கவனிக்கப்படாததால் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டன. இடையில் எக்செல் வைத்துத் தரவு கடத்தும் எவருக்கும் அது எச்சரிக்கை. எக்செல் 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்களைப் பூச்சியமாக்கும். முன்னால் நிற்கும் பூச்சியங்களை நீக்கும். சேல்ஸ்ஃபோர்ஸின் 15 எழுத்து அடையாளத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. எக்செலின் தேடல் சூத்திரமோ இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். இதனால் ஒருவரின் புகார் இன்னொருவர் கணக்கில் போய்ச் சேரலாம். 18 எழுத்து வடிவம் இருப்பது இதைத் தவிர்க்கத்தான்.

03/04 என்பது ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்பது மூல மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. இந்திய நேரப்படி நள்ளிரவாகப் பதிந்த பிறந்த நாள், உலகப் பொது நேரத்துக்கு மாறும்போது முந்தைய நாள் மாலை 6:30 ஆகிவிடும். நேரப் பகுதியை வெட்டி எறிந்தால் பிறந்த நாள் ஒரு நாள் பின்னே போகும்.

தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய தரவு டாம், டாப், டிஸ்கி, பாமினி எனப் பல குறியீடுகளில் இருக்கக்கூடும். பாமினியில் இருப்பவை உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. ஆகையால் எழுத்துக் குறியீட்டுப் பிழை தேடும் கருவிகள் அவற்றைக் குறையில்லாத தரவு என்றே கடத்திவிடும். புல நீளமும் பார்க்க வேண்டியது: யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுக்கும். புள்ளியும் தனிக் குறி என்பதால் கண்ணன் என்ற பெயருக்கே 18 பைட் வேண்டும்.

ஏற்றும் வரிசை

முதலில் பயனர்கள், அடுத்து நிறுவனங்கள், பிறகு தொடர்பாளர்கள், விற்பனை வாய்ப்புகள், செயல்பாட்டுக் குறிப்புகள், கடைசியாக இணைப்புக் கோப்புகள் என்று ஏற்றுவது வழக்கம். பின்னது முன்னதைச் சுட்டுவதே இதற்குக் காரணம். பழைய மென்பொருளின் அடையாள எண்ணைப் புதிய பதிவிலும் ஒரு புலத்தில் காத்துவைப்பது இன்றியமையாதது. அது இருந்தால் ஒரே பதிவை இருமுறை ஏற்றினாலும் புதுப்பிக்கப்படுமே தவிர இரட்டிக்காது. ஆண்டுகள் கழித்து ஐயம் எழுந்தாலும் மூலத்தைத் தேடிப் போகலாம். ஏற்றும் நேரத்தில் தானியங்கி மின்னஞ்சல்களை நிறுத்தி வைக்கவில்லையென்றால், பத்தாண்டுப் பழைய வாடிக்கையாளருக்கும் ‘எங்களோடு இணைந்ததற்கு நன்றி’ என்று மடல் போகும். பதிவு உருவான தேதியையும் கவனிக்க வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸில் பழைய தேதியை இடுவதற்கான அனுமதியை முன்கூட்டியே இயக்காவிட்டால், எல்லாப் பதிவுகளும் ஏற்றிய நாளிலேயே பிறந்ததாகக் காட்டும்.

மாறும் நாளும் சரிபார்ப்பும்

பழையதை ஒரே வார இறுதியில் மூடிப் புதியதைத் திறப்பது ஒரு முறை. கிளை கிளையாக மாறுவது இன்னொன்று. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில், முன்னாள் தாய் நிறுவனமான லாய்ட்ஸின் அமைப்பிலிருந்து 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு ஏறக்குறைய ஒரே வார இறுதியில் மாற்றியது. தரவு பழுதின்றி வந்து சேர்ந்தது. அதைத் தாங்க வேண்டிய அமைப்புதான் நிலைகுலைந்தது. வழக்கநிலை திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. வங்கி 3 கோடியே 27 லட்சம் பவுண்டு இழப்பீடு தந்தது. 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன. புதிய அமைப்பை முழுச் சுமையோடு சோதிப்பதும் இடமாற்றத்தின் பகுதியே என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இதற்கு மறுபக்கம் பிரிட்டன் வோடஃபோனின் அனுபவம். ஏழு பழைய அமைப்புகளிலிருந்து 2 கோடியே 85 லட்சம் கணக்குகளை அது ஒன்றாக்கியது. அந்தக் காலத்தில் ரீசார்ஜ் செய்த 10,452 பேருக்குப் பணம் கணக்கில் ஏறவே இல்லை. 17 மாதங்களில் அவர்கள் இழந்தது 1.5 லட்சம் பவுண்டு. இதற்கும் புகார்களைக் கையாண்ட முறைக்குமாக, 2016 அக்டோபரில் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 46 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தது. கோடிக்கணக்கான கணக்குகளின் மொத்தத் தொகையில் இவ்வளவு சிறிய விலகல் கண்ணில் படாது. எண்ணிக்கை ஒப்பீடும் மொத்தத் தொகை ஒப்பீடும் தேவையானவை, ஆனால் போதாதவை. மூடிய கணக்கு, மீண்டும் உயிர்பெற்ற எண், இறந்தவரின் ஒப்பந்தம் போன்ற விளிம்புப் பதிவுகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதை அந்தப் பதிவுகளோடு தினமும் புழங்கும் பணியாளரே செய்வது நல்லது.

சட்டமும் எஞ்சியவையும்

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையான ஜிடிபிஆர், தேவைக்கு மேல் தனிநபர் தரவை வைத்திருப்பதைத் தடுக்கிறது. இந்தியாவும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஆகவே இடமாற்றம் என்பது எதைக் கொண்டுபோகக் கூடாது என்ற முடிவையும் உள்ளடக்கியது. விளம்பரம் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்ன குறிப்பு பெரும்பாலும் சிஆர்எம்முக்கு வெளியே, மின்னஞ்சல் அனுப்பும் கருவியில் இருக்கும். அது தவறினால் மறுத்தவருக்கே மீண்டும் மடல் போகும். மறுபுறம், இந்தியக் கம்பெனிகள் சட்டம் 2013 கணக்கேடுகளை 8 ஆண்டுகள் காக்கச் சொல்கிறது. ஆகையால் விலைப்பட்டியல் சார்ந்த பழைய பதிவுகள், புதிய மென்பொருளுக்குப் போகாவிட்டாலும், படிக்க மட்டும் இயலும் காப்பகத்தில் இருக்க வேண்டும்.

இணைய வழிச் சேவைகளிலிருந்து வெளியேறுவதை எளிதாக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. 2027 ஜனவரி 12 முதல், சேவை மாறுவதற்கென்று தனிக் கட்டணம் வாங்குவதை அது தடை செய்கிறது.

பழைய சர்வரை அணைத்த பிறகும் வாடிக்கையாளர் தரவின் நகல்கள் எஞ்சியிருக்கும்: ஒத்திகைக்காக எடுத்த கோப்புகள், சோதனைத் தரவுத்தளங்கள், பணியாளர்களின் மடிக்கணினிகளில் தங்கிய சிஎஸ்வி கோப்புகள். இவற்றை யார் எப்போது எடுத்தார்கள் என்று தொடக்கத்திலிருந்தே பதிவேடு வைத்திருந்தால்தான் முடிவில் ஒன்றுவிடாமல் அழிக்க முடியும்.